எடைமேடைக்காரியின் வெயில் கணக்கு

செம்பனை ஆலையில் லாரியை நிறுப்பது என் வேலை.
வரும்போது ஒரு எடை, போகும்போது ஒரு எடை,
நடுவில் கொட்டியதுதான் பழம்.
இருபத்திரண்டு வருடமாகக்
கழித்தல் கணக்கில்தான் எனக்குச் சோறு.

அதனால் கூரையில் பலகைகள் ஏறிய அன்று
ஒரு சந்தேகம் வந்தது:
சரக்கை இறக்கிவிட்ட வெயில்
வெறும் வண்டியாகத்தான் மேற்கே போகிறதா?

பன்னிரண்டு பலகை.
ஆ செங் ஏணியில் நின்றபடியே விலை சொன்னான்.
கீழே கார். பாதி பெட்ரோல், பாதி மின்சாரம்,
பிளக்கில் செருகும் சாதி.
சேமநிதியில் கை வைத்தேன்.
இனி தெனாகாவுக்கு ஒரு காசு கிடையாது என்று
சிலிம் ரிவர் சந்தையில்
கெம்போங் மீனுக்குப் பேரம் பேசியபடி
எல்லாரிடமும் சொன்னேன்.
சொல்லாமல் விட்டது:
வாரநாளில் வெயில் வீட்டில், கார் ஆலையில்.
இரண்டும் சந்தித்துக்கொள்வது
ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

என் புருஷன் பெயர் தினகரன்.
வீட்டிலேயே ஒரு சூரியன் இருக்க
கூரைக்கு எதற்குச் செலவு என்பார்கள்.
இருக்கிறது.
லீவு நாளில் பத்து மணிக்கு முன் உதிக்காது.

தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான்.
ஜெனரேட்டர் ஆறுக்கு வரும், பத்துக்குப் போகும்,
சுவிட்ச் கிராணி கையில்.
பதின்மூன்றாம் வாய்ப்பாடு
பாதியில் இருட்டிப்போகும்.
அந்தக் காலத்தை நான் தேடவில்லை.
அந்த சுவிட்சைத் தேடினேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, காற்று.
எட்டாம் கட்டையில்
செம்பனை மட்டை பறந்து கம்பியில் விழுந்தது.
தாமான் முழுக்க இருட்டு.
எங்கள் வீட்டில் மட்டும்
காரிலிருந்து ஒரு ஒயர் ஜன்னலேறி வந்து
ஐஸ்பெட்டி, ஒரு காற்றாடி, ஒரு விளக்கு.
எண்பத்தொரு சதவீதம்.
எண்பது.
திரையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்,
என்ன குழம்பென்று நினைவில்லை.

பக்கத்து வீட்டு ரொஹாயா
கைவிளக்கோடு வேலியருகே வந்து நின்றாள்.
ஒன்றும் கேட்கவில்லை.
மகனுக்கு மூச்சிரைப்பு,
மருந்தை ஆவியாக்கும் மெஷின் ஒன்று உண்டு.
அவள் கேட்காததை நான்
யூனிட்டாக மாற்றிக்கொண்டிருந்தபோது
இரண்டாவது ஒயரைத் தினகரன்
வேலிக்கு மேலே வீசியிருந்தார்.
சில நாள்
ராத்திரியிலும் உதிக்கும்.

மூன்று மணிக்கு என்ஜின் தானாக உறுமியது.
பேட்டரி தாழ்ந்துவிட்டதாம்.
தெருநாய்கள் பதில் சொல்லின.
என் சுதந்திரம் பெட்ரோல் குடிக்கும் சத்தத்தைப்
படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன்.

விடிந்தது. வெயிலென்றால் அப்படியொரு வெயில்.
மழை கழுவிவிட்ட கூரை,
பன்னிரண்டு பலகையும் பளபளவென்று,
மீட்டரில் பூஜ்யம்.
ஆ செங்குக்குப் போன் போட்டேன்.
லைனில் கரண்ட் செத்தால்
உங்கள் கூரையும் நிறுத்திக்கொள்ளும் அக்கா,
அப்படித்தான் செய்திருக்கிறார்கள், என்றான்.
யாரைக் கேட்டு?
கம்பத்தில் ஏறியிருக்கிறவனைக் கேட்டு.

எட்டாம் கட்டைக்கு நடந்தேன்.
மேலே ஒரு பையன்,
மஞ்சள் தொப்பி, இடுப்பில் வார்,
மட்டையை அறுத்துத் தள்ளிக்கொண்டிருந்தான்.
பிறகு கம்பியைப் பிடித்தான்.
எந்த வீட்டு வெயிலும்
அதற்குள் ஓடவில்லை.

பழக்கதோஷம், நிறுத்துப் பார்த்தேன்.
கூரை தந்திருக்கக்கூடிய காலை ஒரு பக்கம்,
தராத காலை ஒரு பக்கம்.
கழித்தேன்.
ஒரு ஆள் மிஞ்சினான்.
கீழே இறங்கி, போத்தல் தண்ணீரைத்
தலையில் ஊற்றிக்கொண்டு,
என்ன அக்கா பார்க்கிறீர்கள் என்பதுபோல்
புருவம் உயர்த்தினான்.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் வந்தது.
மீட்டர் ஓடத் தொடங்கியது.
உள்ளே தினகரன் புரண்டு படுத்து
மணி என்ன என்றார்.